இடம் காட்டும் படமும் இயக்கம் காட்டும் படமும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி நிகழ்த்திய உரை)

 

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மருத்துவக் கருவி. பெட்-சி.டி. என்பது அதன் பெயர். தோட்டத்து மருந்தகத்திலிருந்து பட்டணத்துப் பொது மருத்துவமனைக்கும், அங்கிருந்து அதனினும் பெரிய மருத்துவமனைக்கும் அனுப்பப்பட்ட நோயாளர் சிலரின் வாயிலாக இப்பெயர் லயங்களுக்குள்ளும் வந்து சேர்ந்துவிட்டது. பெயரோடு அச்சமும் சேர்ந்தே வந்துள்ளது. "அந்தப் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற பேச்சு உலவுகிறது. இதனை நம்பி, குறித்த நாளில் மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டோரும் உண்டு என்று கேள்வியுறுகிறோம். ஒன்றும் செய்வதற்கில்லை என்று முடிவு செய்த நோயாளிக்கு இத்துணைச் செலவில் ஒரு படம் எடுக்க எந்த மருத்துவரும் எழுதித்தர மாட்டார். எதைச் செய்வது என்று தீர்மானிப்பதற்கே அந்தப் படம். அது எவ்வாறு பிறந்தது, எதைக் காட்டுகிறது என்பதை இன்று சற்று விரிவாகவே காண்போம்.

பால்மரம் வெட்டும் உங்களுக்கு ஓர் உண்மையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நிரையில் இரண்டு மரங்கள் நிற்கின்றன. பருமன் ஒன்றே, பட்டையும் ஒன்றே, இலைகளும் பசுமையாகவே உள்ளன. உளி பட்டதும் ஒரு மரத்தில் பால் வடிகிறது. மற்றதிலோ வெட்டுக்கோடு காய்ந்து கிடக்கிறது. மங்கு நிறைவதே இல்லை. மரத்தின் வடிவத்தை அறிவது ஓர் அறிவு. அம்மரம் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிவது வேறோர் அறிவு. மனித உடலிலும் இவ்விரண்டும் தனித்தனியே இருந்தன. இவற்றை ஒன்று சேர்த்த கதையே இன்றைய நம் பேச்சு.

வடிவத்தைக் காட்டும் கலை முதலில் வந்தது. 1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ரோண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்தார். அக்கதிர்ப் படத்தில் முன்னுள்ள உறுப்பும் பின்னுள்ள உறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தெரியும். இக்குறையை நீக்கியவர் இங்கிலாந்தில் இசைத்தட்டு வெளியிட்டு வந்த இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். உடலைச் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கணிப்பொறியின் துணையால் உடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததைப்போலப் படம் வரையும் கருவியை அவர் அமைத்தார். 1971 அக்டோபர் முதல் நாள் லண்டன் விம்பிள்டனில் ஒரு பெண்மணியின் தலை முதன்முறையாக அவ்வாறு படம் பிடிக்கப்பட்டது. அதுவே சி.டி. எனப்படுவது. 1979இல் நோபல் பரிசு அவரையும் ஆலன் கார்மக் என்ற அறிஞரையும் வந்தடைந்தது.

சி.டி. படம் மிகத் தெளிவானது. கழுத்தில் ஒரு கட்டி இருந்தால் அது எங்குள்ளது, எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று சொல்லிவிடும். ஆனால் அந்தக் கட்டி உயிரோடு வளர்கிறதா, பழைய காயத்தின் தழும்பா என்று கேட்டால் பல வேளைகளில் அதற்கு மறுமொழி இராது. சிகிச்சை முடிந்த நோயாளியின் நெஞ்சில் எஞ்சி நிற்கும் ஒரு திரள் செத்த சதையா, மீண்டும் தலைதூக்கும் நோயா? வடிவம் மட்டும் கண்டு அதைக் கூறுதல் அரிது.

இயக்கத்தைக் காட்டும் கலை வேறொரு வழியாக வந்தது. 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் என்ற ஆய்வாளர், புற்றுநோய் உயிரணுக்கள் மற்ற அணுக்களைக் காட்டிலும் மிகுதியாகச் சர்க்கரையை உட்கொள்கின்றன என்று கண்டார். அவ்வாறாயின் சர்க்கரையின்மேல் ஓர் அடையாளம் இட்டு உடலுக்குள் அனுப்பி, அது எங்கே குவிகிறது என்று பார்த்தால் நோயின் இருப்பிடம் தெரியுமன்றோ? அத்தகைய அடையாளச் சர்க்கரை பின்னாளில் செய்யப்பட்டது. சர்க்கரை மூலக்கூறின் ஒரு சிறு பகுதியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் கதிர் வீசும் ஃபுளூரின்-18 என்ற அணுவைப் பொருத்தினர். எஃப்.டி.ஜி. என்பது அதன் சுருக்கப் பெயர். உயிரணு அதனைச் சர்க்கரை என்றே எண்ணி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே சென்ற பின்னரோ அது எரிந்து தீரவும் இயலாது, எளிதில் வெளியேறவும் இயலாது, அங்கேயே தங்கிவிடும். 1976இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட அம்மருந்து விமானத்தில் ஃபிலடெல்ஃபியா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. விமானம் எதற்கு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

தங்கிய அணு பாசிட்ரான் என்ற துகளை உமிழும். அத்துகள் ஓரிரு மில்லிமீட்டர் தொலைவுக்குள் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து, இரண்டும் அழிந்து, இரண்டு கதிர்களாக மாறும். அக்கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் பாயும் என்பதே இதிலுள்ள அற்புதம். நோயாளியைச் சுற்றி வளையமாகப் படிகக் கற்களைப் பொருத்தி வைத்தால், எதிரெதிரேயுள்ள இரு கற்கள் ஒரே கணத்தில் மின்னும். அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டின்மீது எங்கோ அந்த அணு உள்ளது. இப்படிப் பல இலட்சம் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களைக் கணிப்பொறி கண்டு படமாக்கும். 1970களின் நடுவில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், டெர்-பொகோசியன், ஹாஃப்மன் ஆகியோர் இத்தகைய கருவியை அமைத்தனர். இதுவே பெட்.

இப்போது இடையூறு எங்கே வந்தது என்பதைக் கவனியுங்கள். பெட் படத்தில் நோய் சுடர்விடும். ஆனால் சுற்றியுள்ள எலும்பும் குடலும் ஈரலும் மங்கலாகவே தெரியும். இருண்ட இரவில் தொலைவில் ஒரு விளக்கு எரிவதைக் காண்கிறோம். அது எந்த லயத்தின் எத்தனையாவது வீடு என்று சொல்ல முடியவில்லை. சுடர் ஈரலின் ஓரத்திலா, அதை ஒட்டிய விலா எலும்பிலா? ஓரிரு சென்டிமீட்டர் வேறுபாடுதான். ஆயினும் அறுவை மருத்துவருக்கு அது இரு வேறு நோய். இரு வேறு சிகிச்சை.

"சி.டி. படம் ஒரு நாள், பெட் படம் மறுநாள் எடுத்து, இரண்டையும் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்ளலாமே" என்று நீங்கள் கேட்கக்கூடும். அறிஞர் பலரும் அதையேதான் சொன்னார்கள். தலைக்கு அது பொருந்தியது. மண்டை ஓடு அசையாத பெட்டியன்றோ! வயிற்றிலும் நெஞ்சிலும் பொருந்தவில்லை. நேற்றுக் கையை மேலே தூக்கிப் படுத்தவர் இன்று பக்கவாட்டில் வைத்துப் படுக்கிறார். நேற்று நிரம்பியிருந்த சிறுநீர்ப்பை இன்று வற்றியுள்ளது. குடல் நகர்ந்துள்ளது, மூச்சின் அளவு மாறியுள்ளது. இரண்டு படங்களும் ஒரே மனிதருடையவைதாம். எனினும் ஒன்றோடொன்று ஒட்ட மறுத்தன.

இவ்விடத்தில்தான் டேவிட் டவுன்செண்ட் என்ற பிரிட்டிஷ் இயற்பியல் அறிஞர் வருகிறார். அவர் மருத்துவர் அல்லர். ஜெனீவாவிலுள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். 1977இல் அங்கே ஆலன் ஜீவன்ஸ் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு சுண்டெலியைப் பெட் முறையில் படம் எடுத்தவர். பின்னர் அதே நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில், குறைந்த செலவில் ஒரு பெட் கருவி அமைக்கும் முயற்சியில் ஈடுபட்டார். படிகக் கற்கள் விலை மிக்கவை. ஆகவே முழு வளையத்துக்கும் கற்களைப் பதிக்காமல், எதிரெதிரே இரண்டு வரிசை மட்டும் வைத்து அவற்றைச் சுழலவிட்டனர். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அதைக் கண்ட புற்றுநோய் மருத்துவர் ஒருவர், "இவ்விடைவெளியில் பயனுள்ள எதையேனும் வைக்கலாமே, ஒரு சி.டி. கருவியை வைத்தாலென்ன?" என்று கேட்டார்.

சிக்கனத்தால் உண்டான ஓர் இடைவெளி இவ்வெண்ணத்துக்கு வித்தாயிற்று என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. பணம் தாராளமாக இருந்து முழு வளையம் வாங்கியிருந்தால் அக்கேள்வி எழுந்திராது போலும்.

கேள்வி கேட்பது எளிது. கருவி செய்வது எளிதன்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் பெட் கருவிகளை உருவாக்கி வந்த ரோனல்டு நட் என்ற பொறியியலாளர் டவுன்செண்டுடன் கைகோத்தார். டவுன்செண்ட் 1993இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1995இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் நிதியுதவி கிடைத்தது. சி.டி. கருவி இறுதியில் அந்த இடைவெளிக்குள் அமரவில்லை. சுழலும் ஒரே சட்டத்தின் முன்புறம் சி.டி.யும் பின்புறம் பெட்டும் பொருத்தப்பட்டன. இரண்டின் நடுவிடங்களுக்கும் இடையே 60 சென்டிமீட்டர். நோயாளி ஒரே மேசையில் படுத்திருப்பார். மேசை நகரும், முதலில் ஒரு வாயில், அடுத்து மற்றொரு வாயில். அவர் எழவும் வேண்டாம், புரளவும் வேண்டாம். இரு படங்களும் பொருந்துவதற்கு அந்த அசையாமையே வழி வகுத்தது.

இந்தக் கருவி 1998இல் பிட்ஸ்பர்க்கில் இயங்கத் தொடங்கியது. 2001 வரை 300க்கும் மேற்பட்ட புற்றுநோயாளர் அதில் படம் எடுக்கப்பட்டனர். எல்லாரும் உடனே வரவேற்றனர் என்று கூறுதற்கில்லை. இரண்டு கருவிகளும் தனித்தனியே நன்கு இயங்கும்போது சேர்ப்பது எதற்கு, சி.டி.யைப் பார்ப்பவர் ஒரு துறை, பெட்டைப் பார்ப்பவர் இன்னொரு துறை, இதை யார் பார்ப்பது என்றெல்லாம் வினாக்கள் எழுந்தன. படங்களே அவற்றுக்கு விடை கூறின. 2000ஆம் ஆண்டில் டைம் இதழ் இதனை அவ்வாண்டின் மருத்துவக் கண்டுபிடிப்பாக அறிவித்தது. 2001இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பெரிய உற்பத்தியாளர்கள் பெட் கருவியைத் தனியாகச் செய்வதையே ஏறத்தாழ விட்டுவிட்டனர். டவுன்செண்ட் பின்னாளில் நம் அண்டையிலுள்ள சிங்கப்பூருக்கு வந்து, அங்குள்ள மருத்துவப் படிம ஆய்வு நிலையத்தின் இயக்குநராகப் பணியாற்றினார்.

சேர்த்ததால் இன்னுமொரு நன்மை கிட்டியது. உடலின் ஆழத்திலிருந்து வரும் கதிர் வழியில் தேய்ந்துவிடும். மேலோட்டமான இடத்திலிருந்து வருவது அவ்வளவு தேயாது. இத்தேய்மானத்தைக் கணக்கிட்டுத் திருத்தாவிடில் ஆழத்து நோய் மங்கலாகவும் மேலுள்ளது மிகையாகவும் தோன்றும். முன்பு அதற்காகவே தனியாக நெடுநேரம் ஓர் அளவை எடுக்க வேண்டியிருந்தது. சி.டி. அதைச் சில நொடிகளில் தந்துவிடுகிறது. நோவோடு படுத்திருப்பவருக்கு நேரம் குறைவது சிறிய உதவியன்று.

இடமும் இயக்கமும் சேர்ந்து தெரிந்தபோது என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நோயாளர் சிலரின் கழுத்திலும் தோளிலும் இருபுறமும் சுடர் தெரிவது வழக்கமாக இருந்தது. தசை இறுக்கம் என்றே எண்ணி வந்தனர். 2002இலும் அதையடுத்தும் சி.டி.யோடு பொருத்திப் பார்த்தபோது, அவ்விடத்தில் தசையே இல்லை, கொழுப்பு இருந்தது! குளிர்ந்தால் சர்க்கரையை எரித்து வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பு அது. குழந்தைகளுக்கு மட்டுமே முக்கியம் என்று கருதப்பட்ட அக்கொழுப்பு பெரியவர்களிடமும் வேலை செய்கிறது என்பது 2009இல் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. படம் எடுக்குமுன் உங்களுக்குப் போர்வை தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, நோயாளிக்கு இதனால் விளைந்த பயனைப் பார்ப்போம். டென்மார்க் நாட்டில் நுரையீரல் புற்றுநோயாளர் 189 பேரை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினர். 2009இல் அதன் முடிவு வெளிவந்தது. 98 பேருக்குப் பெட்-சி.டி. எடுக்கப்பட்டது, 91 பேருக்கு வழக்கமான சோதனைகள் மட்டுமே. நெஞ்சைத் திறந்து அறுவை செய்தும் பயனின்றிப் போனவர்கள் வழக்கமான பிரிவில் 38 பேர், பெட்-சி.டி. பிரிவில் 21 பேர். நோய் ஏற்கெனவே பரவியிருப்பது முன்கூட்டியே தெரிந்ததால், வீண் அறுவையின் வேதனையிலிருந்து பலர் தப்பினர். ஆனால் இரு பிரிவினரும் உயிர் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவி நோயைக் காட்டும், தீர்ப்பது வேறு. என்றாலும் விலாவைப் பிளந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து, அத்தனையும் வீண் என்று அறிவது எத்தகைய துன்பம் என்பதை, வேலை நின்றால் வருமானமும் நின்றுபோகும் குடும்பங்கள் நன்கு அறியும்.

கருவிக்குக் குறைகளும் உண்டு. சுடர்வதெல்லாம் புற்றுநோய் அன்று. காசநோயும் இதில் சுடர்விடும். அழற்சியும் ஆறாத புண்ணும் சுடர்விடும். மூளை எப்போதும் சர்க்கரையை உண்பதால் எல்லார்க்குமே அது ஒளிரும். மருந்து வெளியேறும் வழியாதலால் சிறுநீர்ப்பையும் ஒளிரும். மெதுவாக வளரும் சில புற்றுகளும், மிகச் சிறியனவும் சுடராமலே போகலாம். எனவே, "படத்தில் ஒளி தெரிந்ததாம்" என்று அரைகுறையாகக் கேட்டு வந்து அழுது புலம்புவதும், "ஒன்றும் தெரியவில்லையாம்" என்று மருந்தை நிறுத்துவதும் கூடா. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினால், முதற்படம் தவறிவிட்டது என்று கொள்ள வேண்டாம்.

நம் நாட்டில் புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற இடங்களில் இக்கருவி உள்ளது. சிறப்பு மருத்துவரின் பரிந்துரையோடுதான் செல்ல வேண்டும். உடல்நலத்தோடு இருப்பவர் சும்மா பார்த்துக்கொள்வோம் என்று எடுத்துக்கொள்ளும் படம் அன்று இது.

விமானத்தின் கதைக்கு வருவோம். ஃபுளூரின்-18 அணு ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறைந்துவிடும். காலையில் செய்த மருந்து ஐந்தரை மணி நேரம் கழித்து எட்டில் ஒரு பங்குதான் எஞ்சும். காலையில் சேகரித்த பால், லாரி வரத் தாமதமானால் வாளியிலேயே உறைந்து கட்டிப்பாலாகிவிடுகிறதல்லவா? அதுபோன்ற அவசரம் இம்மருந்துக்கும் உண்டு. கட்டிப்பாலையாவது விற்கலாம், இதை விற்க இயலாது. சைக்ளோட்ரான் என்ற பெரும் எந்திரத்தில் அன்றன்றைக்குச் செய்யப்படும் மருந்து இது. ஆகவே காலை 9 மணிக்கு வரச் சொன்னால் 11 மணிக்குச் செல்வதில் பயனில்லை. தொலைவிலுள்ள தோட்டத்தார் முதல் நாள் மாலையே புறப்பட்டு, உறவினர் வீட்டில் தங்கிச் செல்வது நன்று. செல்ல இயலாவிடில் முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவித்தால், அந்த இடத்தில் இன்னொரு நோயாளி பயன் பெறுவார்.

பால்வெட்டுத் தொழிலாளர்க்கு இன்னொன்று. சோதனைக்கு முந்தைய நாள் கடும் உழைப்பு கூடாது. உழைத்த தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கைகளும் கெண்டைக்காலும் படத்தில் ஒளிர்ந்து குழப்பும். ஆதலால் முதல் நாளும் விடுப்பு வேண்டும் என்று மருத்துவரிடம் கடிதம் கேட்டுப் பெறுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். சோதனைக்கு முன் ஏறத்தாழ 6 மணி நேரம் உணவு கூடாது. இனிப்பில்லாத வெறும் தண்ணீர் பருகலாம். வெற்றிலை போடும் பழக்கமுள்ள தாய்மார்கள் அன்று அதைத் தவிர்க்கவும். மென்றால் தாடைத் தசையும் ஒளிரும். நீரிழிவு உள்ளவர் தம் மருந்தை எப்போது எடுப்பது என்பதைத் தாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயமுள்ள பெண்களும், குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரும் தாமாகவே முன்வந்து சொல்லிவிட வேண்டும்.

கையில் ஓர் ஊசி போடுவார்கள். பின்னர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசாமல் ஓய்வாக இருக்கச் சொல்வார்கள். அதன்பின் மேசையில் படுத்தால், பெரும்பாலான கருவிகளில் அரை மணிக்குள் முடிந்துவிடும். வலி இராது. திரும்பியபின் சில மணி நேரம் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதையும் கருவுற்ற பெண்களுக்கு அருகில் அமர்வதையும் தவிர்த்தால் போதும். மறுநாள் அந்தக் கதிர் ஏறத்தாழ முழுவதும் மறைந்திருக்கும்.

இத்தகைய கூட்டமொன்றில் மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "புற்று சர்க்கரையைத் தின்னும் என்கிறீர்களே ஐயா, அப்படியானால் என் மகனுக்குச் சோறும் இனிப்பும் நிறுத்திவிட்டால் நோய் பட்டினி கிடந்து செத்துவிடாதா?" அறிவார்ந்த கேள்விதான், அவருக்குக் கூறிய விடையை இங்கும் கூறுகிறோம். உடலின் எல்லா அணுக்களுக்கும் இரத்தத்திலுள்ள சர்க்கரைதான் உணவு. உண்ணாவிட்டாலும் ஈரல் அதனை உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டினி போட்டால் முதலில் மெலிவது மகன், நோய் அன்று. சிகிச்சையைத் தாங்குவதற்கு உடலில் வலு வேண்டும். ஆகவே சோதனை முடிந்து வெளியே வந்ததும் அவருக்கு வயிறார உணவு கொடுங்கள். கையோடு ஒரு பொட்டலம் கட்டி எடுத்துச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, சி.டி. படங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். புதிய படத்தைப் படிக்கும் மருத்துவர் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.